தூங்கும் லூப்பை எழுப்புவது: ஈவென்ட் லூப்பும் த்ரெட்களும்

பைத்தானின் ஏசிங்க்-ஐஓ பற்றிய ஆவணத்தில், அதன் பொருள்களில் ஏறக்குறைய எதுவுமே த்ரெட்-சேஃப் கிடையாது என்று ஒரு வரி வரும். நோட் ஜேஎஸ்-க்கு அடியில் ஓடும் லிப்யூவியின் ஆவணத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. படிக்கும்போது நாம் தலையாட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். "சரி, ரெண்டு த்ரெட் ஒரே நேரத்துல எழுதினா டேட்டா கெட்டுப்போகும், அதானே?" என்று நினைத்துக்கொள்வோம்.

அது பாதி உண்மை. மீதிப் பாதி வேறு மாதிரியான சிக்கல். டேட்டா கெடாது, எர்ரர் வராது, லாகில் எதுவும் பதியாது, ஆனால் வேலை மட்டும் நடக்காது. அதுவும் கூட்டமான நேரத்தில் ஒழுங்காக ஓடிவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில் நிற்கும். இந்தக் குறிப்பு முக்கியமாக அந்த மீதிப் பாதியைப் பற்றியது. உதாரணத்துக்குப் பைத்தானை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான். கடைசியில் மற்ற இடங்களையும் தொட்டுவிட்டுப் போகலாம்.

லூப் உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு சர்வரில் பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் இணைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு த்ரெட் கொடுத்தால், பெரும்பாலான த்ரெட்கள் சும்மா காத்துக்கொண்டிருக்கவே மெமரியைச் சாப்பிடும். 1999-ல் டான் கெகல் இந்தப் பிரச்சினைக்கு 'சி-டென்-கே' என்று பெயர் வைத்து விரிவாக எழுதினார். அதற்கு முன்பே, 1996-ல், டிசிஎல் மொழியை உருவாக்கிய ஜான் அவ்ஸ்டர்ஹவுட், பெரும்பாலான வேலைகளுக்கு த்ரெட் ஒரு மோசமான யோசனை என்ற பொருளில் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் பேசியிருந்தார். இருவரும் காட்டிய வழிகளில் முக்கியமானது ஈவென்ட் லூப்: ஒரே ஒரு த்ரெட், அது எல்லா இணைப்புகளையும் பார்த்துக்கொள்ளும்.

நம்ம ஊர் டீக்கடை மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் கொதிக்கும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். அந்த இடைவெளியில் இன்னொருவருக்கு ஆற்றிக் கொடுப்பார், காசு வாங்குவார், டம்ளரைக் கழுவப் போடுவார். ஒரே ஆள்தான், ஆனால் எந்த வேலையும் நிற்காது. லூப்பும் அப்படித்தான். தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

    திரும்பத் திரும்பச் செய்:
        தயார் வரிசை காலியாக இருந்தால்:
            அடுத்த டைமர் வரையோ,
            ஏதாவது சாக்கெட்டில் டேட்டா வரும்வரையோ தூங்கு
        வந்த டேட்டா, நேரமான டைமர் இரண்டுக்கும் உரிய
            கால்பேக்குகளைத் தயார் வரிசையில் சேர்
        தயார் வரிசையில் இருப்பதை ஒவ்வொன்றாக ஓட்டு

இதில் 'தூங்கு' என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. லினக்ஸில் லூப் இபோல் என்ற சிஸ்டம் காலுக்குள் போய், "இந்த ஆயிரம் சாக்கெட்டில் எதிலாவது ஏதாவது நடந்தா எழுப்பு" என்று கெர்னலிடம் சொல்லிவிட்டு நிஜமாகவே தூங்குகிறது. மேக்கில் அதே வேலையை கே-க்யூ செய்கிறது. தூங்கும்போது சிபியு செலவு பூஜ்யம். லூப்பின் முழு லாபமும் இந்தத் தூக்கத்தில்தான் இருக்கிறது. நாம் பார்க்கப்போகும் சிக்கலும் இதே இடத்தில்தான்.

ஒரே த்ரெட் என்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. ஒரு கால்பேக் ஓடும்போது வேறு எந்தக் கால்பேக்கும் ஓடாது. அதனால் லூப்பின் தயார் வரிசைக்கோ, டைமர் பட்டியலுக்கோ, ஃப்யூச்சர்களுக்கோ லாக் எதுவும் போட்டு வைக்கவில்லை. தேவை இல்லாத இடத்தில் லாக் போட்டால் வீண் செலவு. ஆக, 'த்ரெட்-சேஃப் கிடையாது' என்பதைச் சோம்பேறித்தனமாகப் பார்க்கவேண்டியதில்லை. லூப்புக்கு ஒரே சொந்தக்காரர், அதை ஓட்டும் த்ரெட் மட்டும்தான் என்ற ஒப்பந்தத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் த்ரெட் எங்கிருந்து வந்தது?

நாம் கூப்பிடாமலே வரும். சீரியல் போர்ட்டிலிருந்து படிக்கும் லைப்ரரி, கேமரா கம்பெனி கொடுக்கும் எஸ்டிகே, ஆடியோ லைப்ரரி, சில மெசேஜ் க்யூ கிளையன்ட்கள் எல்லாம் உள்ளுக்குள் சொந்தமாக ஒரு த்ரெட் வைத்திருக்கும். "டேட்டா வந்தா உன் ஃபங்ஷனைக் கூப்பிடுறேன்" என்று வாங்கிக்கொள்ளும். எந்த த்ரெட்டிலிருந்து கூப்பிடும் என்பதை ஆவணத்தின் ஏதோ ஒரு மூலையில் எழுதியிருக்கும், அல்லது எழுதியிருக்காது. நீங்கள் ஒரு த்ரெட்கூட உருவாக்காமலே உங்கள் புரோகிராம் மல்டி-த்ரெட் ஆகிவிடுகிறது.

நான் பார்க்க நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். ஒரு குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சின்ன புரோகிராம். ஒரு த்ரெட் நிமிடத்துக்கு ஒருமுறை சென்சாரைப் படித்து, அளவை ஏசிங்க்-ஐஓவின் க்யூவில் போடும். லூப் பக்கம் ஒரு டாஸ்க் அந்த க்யூவைக் கவனித்துக்கொண்டிருக்கும். அளவு எல்லை தாண்டினால் மேனேஜரின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அதே லூப்தான் வெப்பநிலையைப் பிரவுசரில் காட்டும் பக்கத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தது. பகலில் பலமுறை சோதித்தார்கள். சென்சாரை வெளியே எடுத்து வைத்தால் சில நொடிகளில் மெசேஜ் வந்தது. எல்லாருக்கும் திருப்தி.

ஒரு நாள் இரவில் கம்ப்ரெஸர் நின்றுவிட்டது. மெசேஜ் வரவில்லை. காலையில் வேலைக்கு வந்தவர் வழக்கம்போல் பிரவுசரைத் திறந்தார். அந்த நொடியில் மேனேஜர் போனுக்குச் சரம்சரமாக மெசேஜ் கொட்டியது. எல்லாமே இரவில் எடுத்த அளவுகள், ஒவ்வொன்றிலும் சரியான நேரத்தோடு. சென்சார் த்ரெட் தன் வேலையை ஒரு நிமிடம்கூடத் தவறாமல் செய்திருந்தது. கிடங்கில் இருந்த சரக்கில் ஒரு பகுதியைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

முதலில் மெசேஜ் அனுப்பும் சேவையைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டார்கள். நடந்தது என்னவென்றால், யாராவது பக்கத்தைத் திறந்து பார்த்தால் மட்டுமே அடிக்கும் அலாரம் ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள்.

என்ன நடந்தது என்று அடி அடியாகப் பார்ப்போம்

சென்சார் த்ரெட் க்யூவின் 'புட்_நோவெயிட்' என்ற மெத்தடை நேரடியாகக் கூப்பிட்டது. பார்க்க அப்பாவியான ஒரு வரி. பைத்தானில் வேறு ஒரு க்யூவும் இருக்கிறது. த்ரெட்களுக்காகவே எழுதப்பட்டது, இதே பெயரில் மெத்தட் உள்ளது. அதனால் கோடைப் படிப்பவர் கண்ணுக்கும் இது தப்பாகத் தெரியாது. ஆனால் ஏசிங்க்-ஐஓவின் க்யூ உள்ளே இப்படிப் போகிறது:

1. மதிப்பைத் தன் பட்டியலில் சேர்க்கிறது.
2. யாராவது காத்திருந்தால், அவர் காத்திருக்கும் ஃப்யூச்சரை 'முடிந்தது' என்று குறிக்கிறது.
3. அந்த ஃப்யூச்சர், 'கால்_சூன்' வழியாக, காத்திருக்கும் டாஸ்க்கை எழுப்பும் கால்பேக்கைத் தயார் வரிசையில் சேர்க்கிறது.

மூன்றும் ஒழுங்காக நடந்தன. தயார் வரிசையில் வேலை உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அதை எடுத்து ஓட்டவேண்டிய லூப் எங்கே? கெர்னலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறது. "ஏதாவது சாக்கெட்டில் டேட்டா வந்தால் எழுப்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கியது. சாக்கெட்டில் எதுவும் வரவில்லை. தயார் வரிசை என்பது பைத்தானுக்குள் இருக்கும் ஒரு பட்டியல். அதில் ஏதோ சேர்ந்தது கெர்னலுக்குத் தெரியவே தெரியாது.

டீக்கடையில், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் மாஸ்டர் கண்ணயர்ந்துவிட்டார். சப்ளையர் பையன் ஆர்டர் சீட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். அடுத்த வாடிக்கையாளர் வந்து "மாஸ்டர், ஒரு டீ" என்று குரல் கொடுக்கும்வரை அந்தச் சீட்டு அப்படியே கிடக்கும்.

சாதாரணமாக, லூப் தன் த்ரெட்டிலேயே 'கால்_சூன்' கூப்பிடும்போது இந்தச் சிக்கல் வராது. ஏனென்றால் அப்போது லூப் விழித்திருக்கிறது. அந்தக் கோடை ஓட்டிக்கொண்டிருப்பதே அதுதான். திரும்ப மேலே போகும்போது தயார் வரிசையைப் பார்க்கும், காலி இல்லை என்றால் தூங்காது. வேறு த்ரெட்டிலிருந்து கூப்பிடும்போதுதான் 'லூப் விழித்திருக்கிறது' என்ற அனுமானம் உடைகிறது.

பகலில் ஏன் வேலை செய்தது என்பதும் இப்போது புரியும். இரண்டு மூன்று பேர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். பிரவுசர் சில நொடிகளுக்கு ஒருமுறை புது அளவைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் லூப் எழுந்தது. எழுந்தபோது மேசையில் கிடந்த சீட்டையும் பார்த்தது. லோட் அதிகமானால் உடையும் புரோகிராம்களுக்குத்தான் நாம் பழகியிருக்கிறோம். இது லோட் குறைந்தால் உடையும். லோட் டெஸ்ட் எவ்வளவு போட்டாலும் இது சிக்காது. லூப்பில் ஏதாவது டைமர் அடிக்கடி ஓடிக்கொண்டிருந்தாலும் இதே போல மறைந்துவிடும். நொடிக்குப் பலமுறை தானாக விழிக்கும் ஒரு சர்வருக்குள் இதே கோடு வருடக்கணக்கில் ஓடலாம். பிறகு யாராவது அந்த டைமரை எடுத்துவிடுவார்கள், எங்கோ சம்பந்தமே இல்லாத இடத்தில் வேலை நிற்கும்.

டேட்டா கெடும் கதையும் உண்டு

அந்த முதல் பாதியையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பைத்தானில் ஜி.ஐ.எல் என்ற ஒரு பெரிய லாக் இருப்பதால், ஒரு பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்ப்பது போன்ற சின்ன வேலைகள் பாதியில் உடையாது. மேலே பார்த்த தயார் வரிசை கெடாமல் தப்பித்தது அதனால்தான். ஆனால் டைமர்கள் ஒரு ஹீப்பில் இருக்கின்றன. அதில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, எது முந்தியது என்று இரண்டு டைமர்களை ஒப்பிடும் வேலை பைத்தான் கோடிலேயே நடக்கிறது. அந்த நடுவில் த்ரெட் மாறலாம். இரண்டு த்ரெட் ஒரே ஹீப்பில் பாதிப் பாதி கை வைத்தால் வரிசை குலையும்.

அதோடு, ஜி.ஐ.எல் இல்லாத பைத்தானும் வந்துகொண்டிருக்கிறது. 2024-ல் வெளிவந்த 3.13-ல் சோதனை முயற்சியாகத் தனி பில்டாகக் கொடுத்தார்கள். சி, சி++, ரஸ்ட் மொழிகளில் இந்தப் போர்வை என்றைக்குமே கிடையாது. ஆகவே, "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

மணியை எப்படி அடிப்பது?

சீட்டை வைத்துவிட்டு மணியும் அடிக்க வேண்டும். ஏசிங்க்-ஐஓவில் இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஃபங்ஷன் 'கால்_சூன்_த்ரெட்சேஃப்'. லிப்யூவியில் 'யூவி_ஏசிங்க்_செண்ட்'. கிடங்கு புரோகிராமில் திருத்தம் ஒரே ஒரு வரிதான்:

    முன்பு:   க்யூ.புட்_நோவெயிட்(அளவு)
    பின்பு:   லூப்.கால்_சூன்_த்ரெட்சேஃப்(க்யூ.புட்_நோவெயிட், அளவு)

அதாவது, சென்சார் த்ரெட் இனி க்யூவைத் தொடாது. "இந்த அளவைக் க்யூவில் போடு" என்ற வேலையை மட்டும் லூப்பிடம் ஒப்படைக்கும். லூப் எழுந்து, தன் த்ரெட்டில், தானே போட்டுக்கொள்ளும்.

உள்ளே இருக்கும் தந்திரம் பழசு. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. லூப் தொடங்கும்போதே தனக்குத்தானே பேச ஒரு ஜோடி சாக்கெட்டைத் திறந்து வைத்துக்கொள்கிறது. ஒரு முனையை மற்ற சாக்கெட்களோடு சேர்த்துக் கெர்னலின் கண்காணிப்புப் பட்டியலில் போட்டுவிடுகிறது. எழுப்ப வேண்டுமென்றால் மறுமுனையில் ஒரே ஒரு பைட் எழுதினால் போதும். கெர்னல் பார்வையில் அது இன்னொரு சாக்கெட்டில் வந்த டேட்டா, லூப்பை எழுப்பிவிடும். இதைச் செல்ஃப்-பைப் தந்திரம் என்பார்கள். டி. ஜே. பெர்ன்ஸ்டைன் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். யூனிக்ஸ் சிக்னல்களை லூப்புக்குள் கொண்டுவர முதலில் இது பயன்பட்டது. லினக்ஸில் பிற்பாடு இதற்கென்றே ஈவென்ட்எஃப்டி வந்தது. ஒரு ஜோடி பைப்புக்குப் பதிலாக ஓர் எண்ணை மட்டும் வைத்திருக்கும், இன்னும் மலிவு.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வரிசை முக்கியம். சீட்டை முதலில் வைக்கவேண்டும், மணியைப் பிறகு அடிக்கவேண்டும். மாற்றிச் செய்தால், மணி கேட்டு எழுந்த லூப் மேசையைப் பார்க்கும், ஒன்றும் இருக்காது, மறுபடி தூங்கிவிடும். அதற்கப்புறம் நீங்கள் சீட்டு வைத்தால் பழைய கதைதான்.

இரண்டாவது, மணி தொலைந்துபோகாது. லூப் தயார் வரிசையைப் பார்த்து, காலி என்று தெரிந்துகொண்டு, தூங்கப் போகும் அந்த நுண்ணிய இடைவெளியில் மணி அடித்தால் என்ன ஆகும்? ஒரு சாதாரண வேரியபிளை மணியாக வைத்திருந்தால் தொலைந்திருக்கும். ஆனால் எழுதிய பைட் சாக்கெட்டிலேயே காத்திருக்கிறது. லூப் தூங்கப்போய்க் கெர்னலைக் கேட்ட உடனே, "படிக்க ஏற்கனவே ஒண்ணு இருக்கு" என்று பதில் வந்து, தூங்காமலே திரும்பிவிடும். பழங்காலத் தந்திரம் இன்னும் நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, மணிகளை எண்ணக்கூடாது. பத்து முறை அடித்தால் லூப் ஒரே ஒருமுறை எழுந்து, இருக்கும் பைட்களை மொத்தமாகப் படித்துவிட்டுப் போகலாம். ஏசிங்க்-ஐஓவில் இதனால் நஷ்டமில்லை, ஏனென்றால் சீட்டுகள் தனியாக வரிசையில் இருக்கின்றன. ஆனால் லிப்யூவியில் 'யூவி_ஏசிங்க்_செண்ட்' வெறும் மணி மட்டும்தான். அஞ்சு முறை கூப்பிட்டால் கால்பேக் ஒரே ஒருமுறை வரக்கூடும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அங்கே சீட்டுக்கான க்யூவை லாக் போட்டு நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். கால்பேக்கில் க்யூ காலியாகும்வரை எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு மணிக்கு ஒரு சீட்டு என்று எடுத்தால் சில சீட்டுகள் உள்ளேயே தங்கிவிடும்.

எதிர்த்திசை: லூப்பிலிருந்து த்ரெட்டுக்கு

மாஸ்டரே அரிசி வாங்க மார்க்கெட் போய்விட்டால் கடை நின்றுவிடும். பழைய டேட்டாபேஸ் டிரைவர், பெரிய ஃபைலை ஜிப் செய்வது போன்ற நேரம் பிடிக்கும் வேலையை லூப் த்ரெட்டில் ஓட்டினால் அத்தனை இணைப்புகளும் காத்துக்கிடக்கும். அதற்குத்தான் 'டு_த்ரெட்'. வேலையை ஒரு த்ரெட் கூட்டத்திடம் கொடுத்துவிட்டு லூப் மற்றதைப் பார்க்கும். முடிந்ததும் அந்தத் த்ரெட் மேலே சொன்ன அதே மணியை அடித்து முடிவைக் கொடுக்கும். அந்த மணியை இங்கே லைப்ரரியே அடித்துவிடுவதால் நமக்குக் கவலை இல்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். அந்தக் கூட்டம் சின்னது. லிப்யூவியில் இயல்பாக 4 த்ரெட்தான். பெயரிலிருந்து ஐபி முகவரி தேடுவதும் ஃபைல் படிப்பதும் அதே நால்வரிடம்தான் போகும். மெதுவான டிஎன்எஸ் தேடல்கள் மாட்டிக்கொண்டால் ஃபைல் படிப்புக்குக் கிடைக்கும் த்ரெட்கள் குறையும். இரண்டாவது, த்ரெட்டுக்குப் போன வேலையை ரத்து செய்யமுடியாது. 5 நொடி டைம்அவுட் போட்டிருந்தால், 5 நொடியில் உங்கள் டாஸ்க் காத்திருப்பதை விட்டுவிடும். ஆனால் த்ரெட்டில் அந்த ஃபங்ஷன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பணம் கழிப்பது மாதிரியான வேலை அதில் இருந்தால், "டைம்அவுட் ஆயிடுச்சு, மறுபடி அனுப்புவோம்" என்று கோடு எழுதுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

ஒருவரையொருவர் காத்திருப்பது

த்ரெட்டுக்கு லூப்பிலிருந்து பதில் வேண்டுமென்றால் 'ரன்_கோரொட்டீன்_த்ரெட்சேஃப்' உண்டு. அது கொடுக்கும் ஃப்யூச்சரின் 'ரிசல்ட்' மெத்தடில் த்ரெட் நின்று காத்திருக்கலாம். இதையே லூப் த்ரெட்டிலிருந்து கூப்பிட்டால் டெட்லாக். பதில் சொல்லவேண்டிய ஆளே பதிலுக்குக் காத்திருக்கிறார், யார் சொல்வது? சுற்றி வளைத்தும் இது நடக்கும். லூப் ஒரு த்ரெட் முடியட்டும் என்று 'ஜாயின்' போட்டு நிற்கும். அந்தத் த்ரெட்டோ லூப்பின் பதிலுக்கு நிற்கும். புரோகிராமை மூடும் நேரத்தில்தான் இது பெரும்பாலும் வரும். "கண்ட்ரோல்-சி அடிச்சா சாகவே மாட்டேங்குது" என்று சொல்லும் புரோகிராம்களில் இந்த மாதிரிக் கட்டிப்பிடியைத் தேடிப் பாருங்கள். 'ரிசல்ட்'டுக்கு எப்போதும் ஒரு டைம்அவுட் கொடுத்துவிடுவது நல்லது.

இன்னொரு வகை டெட்லாக், லாக் வழியாக வருவது. ஒரு டாஸ்க் சாதாரண த்ரெட் லாக்கை எடுக்கிறது, எடுத்த கையோடு 'அவெயிட்' செய்கிறது. லூப் அடுத்த டாஸ்க்குக்குப் போகிறது. அதுவும் அதே லாக்கைக் கேட்கிறது. த்ரெட் லாக் என்பது த்ரெட்டையே நிறுத்திவைக்கும். இங்கே இருப்பது ஒரே த்ரெட். அது நின்றால் முதல் டாஸ்க் எழுந்து லாக்கை விடவே வழியில்லை. ஆக, த்ரெட் லாக்கைப் பிடித்துக்கொண்டு 'அவெயிட்' தாண்டக்கூடாது. சட்டென்று எடுத்து, ஒரு மதிப்பை மாற்றி, சட்டென்று விட்டுவிடும் அளவுக்குப் பயன்படுத்தினால் பரவாயில்லை. ஏசிங்க்-ஐஓவின் சொந்த லாக் டாஸ்க்குகளுக்கு இடையில் சரி. ஆனால் அது த்ரெட்களுக்கு இடையில் எந்தப் பாதுகாப்பும் தராது.

கதவுக்கு அளவு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கால்_சூன்_த்ரெட்சேஃப்' எத்தனை சீட்டு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். த்ரெட் நொடிக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பி, லூப் நூற்றுக்கணக்கில் முடித்தால் மெமரி வீங்கிக்கொண்டே போகும். கடைசி அளவு மட்டும் போதும் என்றால், ஒரே இடத்தில் மேலெழுதிவிட்டு ஒரு மணி மட்டும் அடிக்கலாம். எல்லாமே வேண்டும் என்றால், ஒரு செமஃபோர் வைத்து, இத்தனை சீட்டுக்கு மேல் பாக்கி இருந்தால் த்ரெட் காத்திருக்கட்டும் என்று செய்யலாம்.

மற்ற ஊர்களிலும் இதே வழக்கம்

ஆண்ட்ராய்டில் வேறு த்ரெட்டிலிருந்து திரையைத் தொட்டால், உருவாக்கிய த்ரெட் மட்டும்தான் இதைத் தொடலாம் என்று சொல்லி எக்செப்ஷன் அடிக்கும். ஜாவா ஸ்விங்கில் 'இன்வோக்-லேட்டர்' இதே வாசல்தான். திரைக்கான டூல்கிட்களை மல்டி-த்ரெட் ஆக்க நிறைய முயன்றிருக்கிறார்கள். சன் நிறுவனத்தில் இருந்த கிரஹாம் ஹாமில்டன் 2004-ல் அதை ஒரு தோற்றுப்போன கனவு என்கிற பொருளில் எழுதினார். அவர் சொல்லும் காரணம் எளிமையானது. மவுஸ் கிளிக் போன்றவை ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து புரோகிராமை நோக்கி மேலே வருகின்றன. "இதை வரை" போன்ற கட்டளைகள் புரோகிராமிலிருந்து கீழே போகின்றன. வழியில் ஒவ்வொரு அடுக்கிலும் லாக் இருந்தால், மேலே வருபவர் ஒரு வரிசையிலும் கீழே போகிறவர் எதிர் வரிசையிலும் அதே லாக்குகளை எடுப்பார்கள். நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

நெட்டி என்ற ஜாவா லைப்ரரி ஒரு படி மேலே போகிறது. நீங்கள் எந்த த்ரெட்டிலிருந்து எழுதச் சொன்னாலும், "நான் இப்ப லூப் த்ரெட்லதான் இருக்கேனா?" என்று தானே பார்த்து, இல்லையென்றால் அந்த வேலையை லூப்பின் வரிசையில் சேர்த்துவிடும். இதற்கு மாறாக சி++ உலகின் பூஸ்ட் ஏசியோவில் ஒரே லூப்பைப் பல த்ரெட்கள் சேர்ந்து ஓட்டலாம். ஒன்றன்பின் ஒன்றாக ஓடவேண்டிய வேலைகளை 'ஸ்ட்ராண்ட்' என்று கட்டிவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. ஆகவே புது லைப்ரரி எடுத்தால், இது எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கோடில் இருக்கிறதா என்று பார்க்க

ஏசிங்க்-ஐஓவுக்கு டீபக் மோட் உண்டு. 'பைத்தான்ஏசிங்க்ஐஓடீபக்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளுக்கு 1 கொடுத்தால் போதும். வேறு த்ரெட்டிலிருந்து 'கால்_சூன்' வந்தால் அந்த இடத்திலேயே ரன்டைம் எர்ரர் வரும். 100 மில்லி நொடிக்கு மேல் லூப்பைப் பிடித்துவைக்கும் கால்பேக்கையும் லாகில் காட்டும். கிடங்கு புரோகிராமை இந்த மோடில் ஒருமுறை ஓட்டியிருந்தால் முதல் நிமிடமே சிக்கியிருக்கும். ஆனால் முழுக்க நம்பவும் வேண்டாம்: க்யூவில் யாரும் காத்திருக்காத நேரத்தில் போட்டால் 'கால்_சூன்' வரைக்கும் போகாது, எர்ரரும் வராது.

அதனால் கையாலும் ஒரு சோதனை செய்யுங்கள். புரோகிராமை ஓடவிட்டு, எல்லா பிரவுசர் பக்கங்களையும் மூடி, சும்மா ஓடும் டைமர்களையும் நிறுத்திவிட்டு, சில நிமிடம் அமைதியாக விடுங்கள். பிறகு த்ரெட் பக்கத்திலிருந்து ஒரே ஒரு செய்தியை அனுப்பிப் பாருங்கள். உடனே வேலை நடந்தால் சரி. வேறு ஏதாவது தொட்ட பிறகுதான் நடக்கிறது என்றால், எங்கோ ஒருவர் மணி அடிக்காமல் சீட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு கோடில், வெளி லைப்ரரி கூப்பிடும் கால்பேக்குகளை மட்டும் பட்டியல் எடுங்கள். பொதுவாகப் பத்துக்கு மேல் இருக்காது. ஒவ்வொன்றின் முதல் வரியிலும் தற்போதைய த்ரெட்டின் பெயரை அச்சிட்டுப் பாருங்கள். 'மெயின் த்ரெட்' என்று வராத ஒவ்வொரு இடத்திலும், லூப்பைச் சேர்ந்த எதையாவது நேரடியாகத் தொடுகிறதா என்று தேடுங்கள். க்யூ, ஃப்யூச்சர், ஈவென்ட், டாஸ்க், டிரான்ஸ்போர்ட், எதுவாக இருந்தாலும் சரி. தொட்டால் அதை 'கால்_சூன்_த்ரெட்சேஃப்' வழியாக மாற்றுங்கள். அரை நாள் வேலைதான்.